சூடாக வந்த பைகள்

"வயிற்றுச் சவ்வின் நீர்வடிப்புப் போதாது. குழாய் அகற்றப்பட்டது. இயந்திரச் சுத்திகரிப்புக்கு மாற்றப்பட்டார்."

ஆவணி மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை, என்னை வீட்டுக்கு அனுப்பியபோது தந்த நோய்நிர்ணய அட்டையில் இருந்த வரிகள் இவை. மூலம் ஆங்கிலம், தமிழ் என்னுடையது. மூன்று வரியும் சரி. ஆனால் அவற்றை வாசிக்கும் ஒருவர், வயதான மனிதனின் வயிறு தானாகக் களைத்துப்போனது என்று நினைத்துக்கொள்வார். அப்படி நினைக்கவிட எனக்கு மனமில்லை. இதே வழியில் போகிறவர்கள் எங்கள் வாவிக்கரை ஊர்களில் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன் என்று சொன்னால் பாதி உண்மை. மறுபாதி கோபம்.

நான் நீர்ப்பாசன வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். மழைமானி, வெப்பமானி, குளத்து மட்டம் என்று குறித்துக் குறித்தே காலம் போனது. ஓய்வுக்குப் பிறகும் நாவற்குடாவில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு வெப்பமானி தொங்குகிறது. வாவி கடலில் விழும் முகத்துவாரம் எந்த மாரியில் எப்போது வெட்டப்பட்டது என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இருக்கும். என் சிறுநீரகம் எப்போது கெடத் தொடங்கியது என்று கேட்டால் பதில் இல்லை. பிரஷர் பல வருடமாக ஓசையில்லாமல் அதைத் தின்றிருக்கிறது. கால் வீங்கியதும் போனேன். இரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் செய்தார்கள். கிளினிக் வாங்குப் பலகையில் காலையில் இருந்து மத்தியானம் வரை நானும் மனைவியும் உட்கார்ந்திருந்தோம். டொக்டர், அமைதியாகப் பேசும் ஒரு பெண், சொன்னார்: "ஐயா, ரெண்டும் சுருங்கிப் போச்சு. இனி வெளியால ஒரு வழி பாக்க வேணும்."

இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கிழமைக்கு மூன்று தரம் ஆசுபத்திரிக்குப் போய் இயந்திரத்தோடு கிடப்பது. அதற்குக் கையில் இரண்டு இரத்தக் குழாய்களை இணைக்க வேண்டும். எனக்கு இணைத்துப் பார்த்தார்கள், அடைத்துக்கொண்டது. மற்றது வயிற்று வழி. தொப்புளுக்குப் பக்கத்தில் மெல்லிய குழாய் ஒன்று வைப்பார்கள். அதனூடாக இரண்டு லீற்றர் மருந்துத் தண்ணீரை வயிற்றுக்குள் விட்டு, சில மணித்தியாலம் வைத்திருந்து, வெளியே வடிக்க வேண்டும். நாளுக்கு நாலு தரம். வீட்டிலேயே செய்யலாம். கை நரம்பு கைவிட்ட எனக்கு வயிறுதான் மிச்சம். அது நிலைத்தால் நான் வீட்டு மனிதன், நிலைக்காவிட்டால் ஆசுபத்திரிக் கட்டில் மனிதன். பேரம் அவ்வளவுதான்.

அந்தத் தண்ணீர் என்ன செய்கிறது என்பதை வாசித்தும் கேட்டும் அறிந்தேன். குடலைச் சுற்றி, வயிற்றுச் சுவரின் உட்புறமாக, ஒரு சவ்வு இருக்கிறது. அதன் மேற்பரப்பில் ஒற்றை அடுக்காக, தட்டையான உயிர்க்கலங்கள், ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்திருக்கின்றன. அவற்றுக்குக் கீழே நுண்ணிய இரத்தக் குழாய்கள். பைக்குள் இருப்பது சீனி கரைத்த உப்புத் தண்ணீர். இரத்தத்தில் உள்ள கழிவு அந்தத் தண்ணீருக்குள் இறங்கும். சீனி, உடம்பில் தேங்கிய நீரைத் தன் பக்கம் இழுக்கும். எவ்வளவு விட்டோமோ அதைவிடக் கூட வடிந்தால் அன்று நல்ல நாள்.

பைகள் அரசாங்கச் செலவில் கிடைத்தன, மாதத்துக்கு ஒரு லொறிப் பாரம் என்று சொல்லும் அளவுக்குப் பெட்டிகள். எங்கே வைப்பது? எங்கள் பக்கத்து வழக்கம் வெளியூராருக்குத் தெரியாமல் இருக்கலாம். இங்கே வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்குப் போவான். பிறந்த வீடு அக்காவுக்கோ தங்கச்சிக்கோ சீதனமாகும். நான் இருப்பது என் மனைவி விமலாவின் வீடு. சின்ன வீடு, கூரை தகரம், மாரியில் வாவித் தண்ணீர் படிவரை வரும். நான் பிறந்த வீடு அக்காவுக்குப் போனது. அதை அவள் கணவர், என் அத்தான், தளம் போட்டுக் கட்டி, முன்னறைக்கு ஏசியும் பொருத்தியிருந்தார். அத்தான் ஒரு பாடசாலையின் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். கோயிலிலும் சங்கத்திலும் அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை.

"பெட்டியெல்லாம் நம்மட வீட்ட இறக்கு தம்பி. ஏசி ரூம் சும்மாதானே கிடக்கு," என்றார். அன்றைக்கே லொறியை அங்கே திருப்பினேன்.

வீட்டில் பை மாற்றப் பயிற்சி கொடுத்த தாதி, நாங்கள் மிஸ்ஸி என்போம், கண்டிப்பானவர். பெட்டி யார் வீட்டில் இருக்குமோ அவரும் வரவேண்டும் என்றார். அத்தான் வெள்ளை நீளச்சட்டை போட்டு வந்து முன் கதிரையில் இருந்தார். மூன்று விசயத்தை மிஸ்ஸி திரும்பத் திரும்பச் சொன்னார். கை கழுவாமல் குழாயைத் தொடக்கூடாது. வடிவது கலங்கியிருந்தால் அன்றைக்கே வரவேண்டும். பெட்டிகளைக் குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும், பாவிக்கப்போகும் பையை மட்டும் அந்த நேரத்தில் உடம்புச் சூட்டுக்கு இளஞ்சூடாக்க வேண்டும்.

அன்று ஒரே ஒரு கேள்வி கேட்டவர் அத்தான்தான். "ஏசி இல்லாத ஏழை சனங்கள் என்ன மிஸ்ஸி செய்யிற?"

"நிழலான, காத்து வாற அறை எண்டாலும் போதும் சேர். தகரத்துக்குக் கீழ மட்டும் வைச்சிராதீங்க. சூட்டில கிடந்தா உள்ள இருக்கிற சீனி பழுதாகும். அது வயித்துக்குக் கூடாது."

அத்தான் தலையாட்டினார். இந்தத் தலையாட்டலை நான் என் கண்ணால் கண்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் வருடம் நன்றாகப் போனது. விமலா தாதிபோல் ஆகிவிட்டாள். சுவரில் ஆணி அடித்துப் பையைத் தொங்கவிட்டு, வாயைத் துணியால் கட்டி, ஒரு வார்த்தை பேசாமல் வேலை செய்வாள். மற்ற நேரமெல்லாம் வாய் ஓயாத பெண் அந்த இருபது நிமிடம் மௌனமாக இருப்பதே மருந்தின் பாதி என்று நான் பகிடி பண்ணுவேன். கிழமைக்கு ஒருமுறை அத்தான் தன் காரில் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்குவார். ஒருநாளும் தவறியதில்லை.

இரண்டாம் வருடத்தில், கச்சான் என்று நாங்கள் சொல்லும் வெக்கைக் காற்று தொடங்கிய பிறகு, பெட்டிகள் சூடாக வரத் தொடங்கின. பையைத் தொட்டால் இளஞ்சூட்டைத் தாண்டிய சூடு. விமலா அதை ஒரு உதவியாக எடுத்துக்கொண்டாள். "நீங்க சூடாக்கியே கொண்டாறீங்க போல. எனக்கு வேலை மிச்சம்," என்று அத்தானிடம் சொன்னாள்.

"ஓம் புள்ள. உனக்குக் கொஞ்சம் லேசா இருக்கட்டும் எண்டுதான்," என்றார் அத்தான்.

வெயிலில் நின்ற கார், அதனால் சூடு என்று நான் எனக்குள் விளக்கம் வைத்திருந்தேன். போய்ப் பார்த்திருக்கலாமே என்று இதை வாசிக்கிறவர் கேட்பார். அக்கா வீட்டு அறையைத் தம்பி எட்டிப் பார்ப்பது எங்கள் ஊரில் நடக்காத காரியம். பார்த்தால், அத்தானைச் சந்தேகிக்கிறேன் என்று அர்த்தம். பிறந்த வீடு என்றாலும் முன்விறாந்தைக்கு அப்பால் நான் விருந்தாளி.

அந்த வருடமே, கச்சான் ஓய்வதற்கு முன், ஒருமுறை வடிந்தது கலங்கி வந்தது. தொற்று. ஒரு கிழமை ஆசுபத்திரி வாட்டில் கிடந்து, மருந்து ஏற்றி, குணமாகி வந்தேன். இதையும் மறைக்காமல் எழுத வேண்டும், ஏனென்றால் இதுவும் சவ்வைக் கெடுக்கும்.

பிறகு வடிவது குறைந்தது. இரண்டு லீற்றர் விட்டால் அதே இரண்டு லீற்றர்தான் வந்தது, பிறகு அதிலும் குறைவு. மிச்சம் என் காலிலும் முகத்திலும் தங்கியது. கடும் சீனிப் பை தந்தார்கள், அது சில மாதம் இழுத்தது. அடுத்த வருடம் வைகாசியில் ஒரு காலை, குளியலறையில் இருந்து கட்டிலுக்கு நடந்து வர மூச்சு வரவில்லை. விமலா ஓட்டோ பிடித்தாள்.

வாட்டில் ஒரு சோதனை செய்தார்கள். பையை விட்டு, இடையில் ஒருமுறையும் நாலு மணித்தியாலம் முடிந்த பிறகும் அந்தத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, சீனி எவ்வளவு மிச்சம், கழிவு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பது. நோவு இல்லாத சோதனை. முடிவுதான் நோவு.

டொக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விளக்கினார். "சவ்வுக்கு மேல இருக்கிற கலங்கள் உரிஞ்சு போயிருக்கு எண்டு நினைக்கிறம் ஐயா. கீழ தழும்பு மாதிரித் தடிச்சிருக்கும், புது இரத்தக் குழாயும் முளைச்சிருக்கும். அதால நாங்க விடுற சீனி நிக்காம உடனே இரத்தத்துக்குப் போயிருது. சீனி போனா தண்ணிய இழுக்க ஆள் இல்ல."

நான் என் தொழில் மொழியில் அதை மாற்றிக்கொண்டேன். எங்கள் வயல் வட்டைகளில் வரம்புக்கு மேல் புல் இருக்கும். புல் மண்ணைப் பிடித்து வைத்திருக்கும், ஆனால் தேவையான ஈரத்தை ஊறவிடும். புல்லைச் சுட்டுவிட்டால் வரம்பு வெடிக்கும், வெடிப்பினூடாகத் தண்ணீர் ஓடிவிடும். பிறகு எவ்வளவு மண் அப்பினாலும் வரம்பு தடிக்குமே தவிர நீரை நிறுத்தாது.

"எது சுட்டது?" என்று கேட்டேன்.

"இந்தத் தண்ணியேதான்," என்றார். அந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் சொன்னதைச் சுருக்குகிறேன். பையைக் கிருமி நீக்க ஆலையில் சூடாக்குகிறார்கள். சீனியைச் சூடாக்கினால் அது உடைந்து வேறு பொருட்களாகும். அவை கலங்களுக்கு நஞ்சு. உடைவதைக் குறைக்கத் தண்ணீரைக் கொஞ்சம் புளிப்பாக வைக்கிறார்கள், அந்தப் புளிப்பும் கலங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. அளவுக்கு மீறிய சீனியும் அப்படித்தான். நாளுக்கு நாலு தரம் அதிலே குளித்த கலங்கள் மெல்ல மெல்லத் தங்கள் உருவத்தையே மாற்றி, தழும்பு செய்யும் கலங்களாகிவிடுகின்றன. என்னை உயிரோடு வைத்திருந்த சீனியே எனக்கு வழி தந்த சவ்வைத் தின்றுகொண்டிருந்தது.

"வேற தண்ணி இல்லையா?"

"இருக்கு ஐயா. சீனியையும் மற்றதையும் ரெண்டு அறையில பிரிச்சு வைச்சு, விடுறதுக்கு முன்னால கலக்கிற பை. அது கொஞ்சம் மென்மை. எங்களுக்கு வாறதில்ல."

"எனக்கு ஒருத்தரும் சொல்லல்லையே."

அவர் முகத்தைத் திருப்பவில்லை. "கிடைக்காததைச் சொல்லி உங்கட மனத்தை ஏன் குழப்புவான் எண்டு விட்டுட்டம்."

நல்லெண்ணத்தில் மறைத்தார்கள் என்பது எனக்கு விளங்கியது. விளங்கியதால் வலி குறையவில்லை. என் வயிற்றைப் பற்றி என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு சின்ன வழி இருக்கிறது என்றார் டொக்டர். வயிற்றுக்குச் சில கிழமை ஓய்வு கொடுத்து, அதுவரை கழுத்தில் ஒரு குழாய் வைத்து இயந்திரத்தில் போடுவது. பிறகு மெல்லிய சீனிப் பையோடு திரும்பவும் முயல்வது. சிலருக்குக் கலங்கள் திரும்ப முளைக்குமாம். அதைப் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்துக் கட்டிலில் காத்தான்குடியில் புடைவைக் கடை வைத்திருக்கும் ஒருவர். என்னைவிட மூத்தவர், அதனால், முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல், காக்கா என்று கூப்பிட்டேன். அவரும் வயிற்று வழிக்காரர், நாலாவது வருடம், குழாய் வாய் புண்ணானதால் வந்திருந்தார். வாட்டில் சிரிப்பு இருந்தது அவரால்தான்.

"என்ட பெட்டியெல்லாம் கடைக்குள்ள, ஏசியில, கலியாணச் சாரிக்குப் பக்கத்தில அடுக்கி இருக்கு தம்பி. வாற பொம்புளையள் இது என்ன புது டிசைன் எண்டு விலை கேக்குறாங்க. ஒரு நாளைக்கு ஒண்டை வித்துப்போடுவன் பாருங்க."

"நம்மடதும் ஏசியிலதான் காக்கா. அத்தான்ட முன்னறையில." எந்தத் தெரு, எந்த வீடு என்று சொன்னேன்.

அவர் கட்டிலில் எழும்பி உட்கார்ந்தார். "பச்சைக் கேற்று, கிணத்தடியில ஜம்பு மரம்? அந்த முன்னறையில டியூசன் நடக்குதே. என்ட பேத்தி கெமிஸ்ட்ரிக்கு அங்கதானே போறா. போன வருசம் பெருநாளுக்கு முன்னம் இருந்து. நல்ல குளிர் ரூமாம், மேசை வாங்கெல்லாம் போட்டிருக்காம். பெட்டி ஒண்டும் இருக்கிறதா அவ சொல்லல்லையே."

விமலா எனக்குக் கஞ்சி கலக்கிக்கொண்டிருந்தாள். கரண்டி நின்றது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சூடாக வந்த பைகள் இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன.

ஆசுபத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய அன்றே ஓட்டோவை நேரே அக்கா வீட்டுக்கு விடச்சொன்னேன். முன்னறைக் கதவு சாத்தியிருந்தது, உள்ளே ஒரு வாத்தியாரின் குரல் கேட்டது. விமலா நில்லாமல் கிணற்றடியைச் சுற்றிப் பின்னால் போனாள். தேங்காயும் விறகும் போடும் தகரக் கொட்டில் அங்கே இருக்கிறது. நான் சிறுவயதில் அதற்குள் ஒளிந்தால் வேர்வை தாங்காமல் நானே வெளியே வந்துவிடுவேன்.

"இஞ்ச வந்து பாருங்க!" என்று கத்தினாள்.

பெட்டிகள் கூரைத் தகரத்தைத் தொடும் அளவுக்கு அடுக்கியிருந்தன. மட்டையில் ஒட்டியிருந்த பசை உருகி இழுபட்டிருந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் வெப்பமானிப் படமும் அதற்கு மேல் போகக்கூடாது என்ற கோடும் அச்சடித்திருந்தது. வெப்பமானி பார்த்தே சம்பளம் வாங்கிய மனிதனின் பெட்டிகள்.

அத்தான் சாரத்தை உயர்த்திக் கட்டியபடி வந்தார். "என்ன தம்பி, ஆசுபத்திரியால நேர இஞ்சயா? சொல்லியிருந்தா கார் கொண்டு வந்திருப்பனே."

"எவ்வளவு காலமா இது இஞ்ச இருக்கு அத்தான்?"

"கொஞ்சக் காலந்தான். அதுவும் மூடின இடந்தானே, மழை படாது."

"மழையா?" என்றாள் விமலா. "அதிபர் சேர், ஏசி இல்லாத சனங்கள் என்ன செய்யிற எண்டு மிஸ்ஸிட்டக் கேள்வி கேட்டது நீங்கதானே? கேள்வி உங்கட, தகரத்துக்குக் கீழ வைக்காதீங்க எண்ட விடையும் உங்கட காதாலதான் கேட்டீங்க. எத்தினை மார்க்ஸ் போட?"

"விமலா, கதைய அளந்து கதை. படிக்கிற புள்ளையள் வேர்த்து ஊத்திக்கொண்டு எப்பிடி இருக்கிற? ஊர்ப் புள்ளையள்ட எதிர்காலம்."

"அப்ப சூடாக்கிக் கொண்டாறன் எண்டு என்னட்டச் சொன்னது?"

அவர் விமலாவை விட்டு என் பக்கம் திரும்பினார். குரலைத் தணித்து, "தண்ணிப் பைதானே தம்பி. அவ்வளவுக்கு ஒண்டும் ஆகாது எண்டுதான் நினைச்சன். இதைப் போய்ப் பெரிசாக்காத," என்றார்.

கெட்டுப்போகும் என்று தெரியாமல் செய்தவரை மன்னிக்க எனக்குத் தெரியும். நன்றி சொன்னவளிடம் அந்த நன்றியை வாங்கி வைத்துக்கொண்டவரை என்ன செய்வது என்று தெரியவில்லை. கொட்டிலுக்குள் கையை நீட்டினேன், மத்தியான வெப்பம் தோலில் ஒட்டியது. நான் அளக்கவில்லை. அன்று அளந்தாலும் அது அன்றைய வெப்பம்தான், போன கச்சானின் வெப்பம் அல்ல.

பழைய பெட்டிகளை ஆசுபத்திரிக்குச் சொல்லி ஒதுக்கினோம். காக்கா தன் கடையில் சாரிப் பக்கத்தில் எங்களுக்கும் இடம் தந்தார். "கூட்டு வியாபாரம்," என்றார். ஓய்வுக் கிழமைகளில் கழுத்துக் குழாயோடு இயந்திரத்தில் கிடந்தேன். அந்தக் காலம் முடிந்து, மிஸ்ஸி குளிர்ந்த பெட்டியில் இருந்து புதுப் பையை எடுத்து, இளஞ்சூடாக்கி, விட்டார். விமலா வாய்விட்டுச் செபம் சொன்னாள். நாலு மணித்தியாலம் கழித்து வடித்தோம். விட்டதைவிடக் குறைவு. மறுநாளும் குறைவு. அதற்கடுத்த நாள், டொக்டர் வடிந்த பையை நிறுத்த தராசைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தபோது, அவர் வாய் திறக்க முன்பே நான் "எடுத்திருங்க" என்றேன்.

குழாய் எடுக்கும் முன் அவரிடம் கொட்டிலைப் பற்றிச் சொல்லி, அதுதான் காரணமா என்று கேட்டேன். அவர் சொன்னார்: "சூட்டில கிடந்தா அந்த நஞ்சு கூடும். அது உண்மை. ஆனா நல்லா வைச்சிருந்த ஆக்களுக்கும் இப்பிடி நடந்திருக்கு. உங்களுக்குத் தொற்றும் வந்தது, கடும் பையும் பாவிச்சம். எது எவ்வளவு எண்டு பிரிச்சுச் சொல்ல எனக்கு ஏலாது ஐயா." நேர்மையான பதில். அத்தானை முழுக்கக் குற்றவாளியாக்க எனக்கு ஆதாரம் இல்லை. அவரை விடுவிக்கவும் இல்லை.

இப்போது கிழமைக்கு மூன்று நாள் கட்டிலில் கிடக்கிறேன். கழுத்துக் குழாய் எத்தனை காலம் என்று யாரும் சொல்வதில்லை. வாவிக் காற்று ஆசுபத்திரி யன்னல்வரை வரும், உள்ளே வராது. அத்தான் ஒருமுறை பார்க்க வந்தார். பழக்கூடையோடு வந்தார், எனக்குப் பழம் ஆகாது என்பதை மறந்து. அன்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் போகுமுன் விமலாவிடம் வாசலில் வைத்துச் சொன்னது எனக்குக் கேட்டது: "எல்லாப் பழியையும் என்ட தலையில கட்டாதீங்க. எங்க இருக்கு, எப்பிடி வைக்க வேணும் எண்டு தம்பிட அக்காவுக்கும் தெரியும்."

அக்கா பயிற்சிக்கு வந்தவள் அல்ல. மிஸ்ஸி சொன்னதை அத்தான் வீட்டில் போய்ச் சொல்லியிருந்தால்தான் அவளுக்குத் தெரிந்திருக்கும். கொட்டிலில் பெட்டி இருந்ததை அவள் தினமும் கண்டிருப்பாள், அது நிச்சயம். அது தவறு என்று அறிந்து கண்டாளா என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு இயந்திர நாளும் அவள் எனக்குச் சோறு அனுப்புகிறாள். மரக்கறியை வெட்டி, ஊறவைத்து, அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, மறுபடி சமைத்த சோறு. என் உணவுக் கட்டுப்பாட்டை அத்தனை துல்லியமாகக் கேட்டறிந்தவள் அவள்.

அவளிடம் நான் கேட்கவில்லை. ஓம் என்றால் எனக்குப் பிறந்த வீடு இல்லை. இல்லை என்றால் அவளுக்குப் புருசன் பொய்யன். ஆகவே இதை இப்படியே பதிவு செய்கிறேன்: பெட்டிகள் குளிரில் இருக்க வேண்டும் என்பது அக்காவுக்குத் தெரிந்திருந்தது என்று சொல்பவர் அத்தான் ஒருவர் மட்டுமே. வேறு சாட்சியம் இல்லை. இத்தகவல் உறுதிப்படுத்தப்படவில்லை.